'பறக்காதது எது?' என்று கேட்பதற்கு முன்னால்

தொடக்கப் பள்ளிகளுக்கான தமிழ்ச் செயல்நூல்களைத் தயாரிக்கும் ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

நான் இரண்டாம் வகுப்பு எடுப்பவள். போன மாதம் ஒரு தாளில் காகம், பசு, கிளி படங்களைப் போட்டு, 'பறக்காதது எது?' என்று கேட்டிருந்தேன். பலர் காகத்தை வட்டமிட்டிருந்தார்கள். பசு பறக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. 'பற' வரை படித்ததுமே கை ஓடிவிட்டது. பறக்கும், பறக்காது, பறக்காத, பறக்காமல் எல்லாவற்றுக்கும் தலை ஒன்றுதான். மறுப்பு வாலில் இருக்கிறது.

மறுநாள் தாளை ஓரம் வைத்துவிட்டு 'காக்கா பறபற' விளையாடினோம். பறப்பதன் பெயர் வந்தால் கையைத் தூக்க வேண்டும், 'ஆடு பறபற' என்றால் தூக்கக் கூடாது. நான் ஒன்றைச் சேர்த்தேன்: கையைத் தூக்காமல் இருந்தால் போதாது, 'ஆடு பறக்காது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒருத்தி நெருப்புக்கோழி என்றாள். பெரிய சண்டை. பறவைதான், ஆனால் பறக்காது. அடுத்து வௌவால்: பறக்கும், ஆனால் பறவை அல்ல. (ஒருமைக்கு 'அன்று' என்றல்லவா வர வேண்டும் என்பீர்கள். சரி, ஏழு வயதுக்கு 'அல்ல' போதும்.)

ஆங்கிலம் பேசும் குழந்தைகளைக் கவனித்து 1970இல் எழுதிய மொழி ஆய்வாளர் லோயிஸ் புளூம், அவர்களின் மறுப்பை மூன்றாகப் பிரித்தார்: ஒரு பொருள் இல்லாமை, வேண்டாமை, சொன்னது உண்மையல்ல என்பது. தமிழில் இவற்றுக்கு இல்லை, வேண்டாம், அல்ல என்று தனித்தனிச் சொற்களே உண்டு. ஆனால் பேச்சில் முதலும் கடைசியும் 'இல்ல' என்று ஒன்றாகிவிடுகின்றன. பிறகு பிள்ளை 'இது பந்து இல்லை' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். மணலில் ஒளித்த குச்சியைத் தேடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் குச்சி அகப்படாதபோது 'இங்கே இல்லை'. பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்து 'இது பந்து அல்ல'. இரண்டையும் விளையாடிய பிறகு சுழிக்கலாமே.

அடுத்த பதிப்பில் இந்த விளையாட்டுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், பயிற்சித்தாளுக்கு முன்னால். கட்டளையிடுபவர் பிள்ளையாக இருக்கட்டும் என்றும் எழுதுங்கள். நாமே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் கேட்க மட்டுமே பழகுவார்கள். 'நிற்காதே', 'உட்காராதே' என்று அவர்களே அதட்டும்போதுதான் அந்த வால் நாக்கில் ஏறுகிறது.

ஒரு பக்கம் தர முடியாதென்றால் ஓரத்தில் விடுகதைகளையாவது போடுங்கள். அடிக்காமல் திட்டாமல் அழவைப்பவள் யார் என்று கேட்டால், வெங்காயம் என்று கத்தாத பிள்ளை என் வகுப்பில் இல்லை.

இப்படிக்கு,
ஓர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை