கடற்பஞ்சின் நீந்தும் பருவம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் பாறையில் ஒட்டி வாழும் விலங்கான கடற்பஞ்சைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அது நீரை வடிகட்டி உண்ணும் முறையை விளக்கிய பகுதி அருமை. இனப்பெருக்கத்துக்கு வந்ததும் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார். துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலும் வளர்ந்துவிடும், ஆகவே உடல் தேய்த்துக் குளிக்க உதவும் குளியல் பஞ்சுக்குத் தட்டுப்பாடே வராது என்று அவர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை.

துண்டு வளரும் என்பது உண்மைதான். தான்சானியாவின் சான்சிபார் தீவுக் கரையில் பெண்கள் துண்டுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். ஆனால் அப்படி வருவது தாயின் அச்சுப் பிரதி. புதிய மரபுக் கலப்புக்கு விந்தும் முட்டையும் சேர்ந்தாக வேண்டும். கடற்பஞ்சுக்கு விந்தகமும் இல்லை, சூலகமும் இல்லை. கழுத்துப்பட்டை போன்ற வளையத்தால் இரை பிடிக்கும் காலர் செல்களே விந்தணுக்களாக மாறிவிடுகின்றன. அவை புகையைப் போல நீரில் கிளம்ப, அருகிலுள்ள பஞ்சு நீரோடு சேர்த்து அவற்றையும் உறிஞ்சுகிறது. அங்கே ஒரு காலர் செல் விந்தணுவைப் பிடிக்கிறது. செரித்துவிடாமல், சாட்டை போன்ற தன் கசையிழையை இழந்து, முட்டை இருக்குமிடம் வரை அதைச் சுமந்து போகிறது. சுண்ணாம்பு முட்களால் உடலைத் தாங்கும் சுண்ணாம்புப் பஞ்சுகளில் இது நன்றாகவே ஆராயப்பட்டுள்ளது. எல்லா இனங்களிலும் அகக்கருவுறுதல், அதாவது உடலுக்குள்ளேயே கருவுறுதல், என்று கட்டுரையில் எழுதியதும் பிழை. பவளத்திட்டுகளில் ஆள் உயரத்துக்கு வளரும் பீப்பாய்ப் பஞ்சுகள் முட்டைகளையும் கடலிலேயே விட்டுவிடுகின்றன.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன லார்வாவுக்கு, அதாவது இளம் பருவத்துக்கு, வருகிறேன். வயது வந்த பஞ்சு பாறையை விட்டு அசையாது. அதன் பிள்ளை நீந்தும். 1820-களில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் விலங்கியலாளர் ராபர்ட் கிராண்ட் இதை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். (அந்த நாட்களில் அவரோடு கரையோரம் உயிரினங்களைத் தேடி அலைந்த மாணவர்களுள் சார்லஸ் டார்வினும் ஒருவர்.) இன்று மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருப்பது ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், ஹெரான் தீவில் வாழும் ஆம்ஃபிமெடான் குயின்ஸ்லாண்டிகா என்ற கடற்பஞ்சு இனம். அதன் மரபணுத் தொகுதி 2010-இல் வெளியானது. அதன் லார்வாவுக்கு வாய் இல்லை, நரம்பு செல் ஒன்றுகூட இல்லை. தாய் கொடுத்த சேமிப்பே உணவு. தாயின் உடலில் வாழும் பாக்டீரியாக்களும் சீதனமாகக் கூடவே வருகின்றன. பின்முனையில் நிறமி வளையமும் அதில் மயிர் போன்ற நீண்ட குற்றிழைகளும் உண்டு. ஒளி கூடிக் குறைவதற்கேற்ப அந்த இழைகள் நிலை மாறி, சுக்கான் வேலை செய்து, லார்வாவை நிழல் பக்கம் திருப்புகின்றன. மற்ற விலங்குகளின் பார்வைக்கு அடிப்படையான ஆப்சின் மரபணு அதனிடம் இல்லை. கிரிப்டோக்ரோம் என்ற வேறொரு புரதமே ஒளியை உணர உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. சில மணி நேரம் நீந்தியபின், தகுந்த இடத்தை, குறிப்பாகச் சில சுண்ணாம்புப் பாசிகள் உள்ள இடத்தைக் கண்டதும், முன்முனையால் ஒட்டிக்கொண்டு உருமாறுகிறது. சில நாட்களில் நீரை வெளியேற்றும் துளையோடு குட்டிப் பஞ்சு தயார்.

தட்டுப்பாடு வராது என்ற முடிவு இங்கேதான் உடைகிறது. பெரும்பாலான லார்வாக்களின் நீச்சல் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். அதற்குள் வெகுதொலைவு போக முடியாது. பஞ்சுகள் கூட்டமாக வளரும் ஒரு படுகை முற்றாக அழிந்தால், எட்டத்திலுள்ள படுகை அதை எளிதில் நிரப்பிவிடாது. 1980-களின் பிற்பகுதியில் மத்தியதரைக் கடலில் நோய் பரவிக் குளியல் பஞ்சுப் படுகைகள் பெரும் சேதமடைந்தன. அப்படிப்பட்ட இடங்கள் மீள்வதற்கு, பிழைத்த பஞ்சுகள் விடும் லார்வாக்கள் இன்றியமையாதவை. அந்தக் குளியல் பஞ்சு தன் கருக்களை உடலுக்குள்ளேயே வளர்த்துக் கோடையின் தொடக்கத்தில் வெளிவிடுகிறது. அதற்குச் சற்று முன் அறுப்பவர் பிள்ளைகளையும் சேர்த்தே அறுக்கிறார். எப்போது அறுக்கலாம் என்ற கேள்வி கட்டுரையில் எழவே இல்லை.

கடைசியாக, படம். ‘குளியல் பஞ்சின் லார்வா’ என்று அச்சிட்டிருப்பது ஆம்பிபிளாஸ்டுலா: பாதி உடலில் கசையிழை, மறுபாதி மொட்டை. இது சைகான் போன்ற சுண்ணாம்புப் பஞ்சுகளுடையது. தாயின் உடலுக்குள் இருக்கும்போதே, சட்டைக் கையைப் புரட்டுவதுபோல, உள்பக்கம் வெளியே வரத் திரும்பிக்கொள்ளும் விந்தைக் கரு அது. அதற்கென்றே தனிக் கட்டுரை எழுதலாம். குளியல் பஞ்சின் லார்வா பாரன்கைமுலா. உள்ளே செல்கள் நிறைந்த, வெளியே குற்றிழைகள் போர்த்திய உருண்டை. அடுத்த இதழில் சரியான படத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.