நுங்கு விற்கும் அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நான் போன கார் விபத்தில் சிக்கி என் முதுகெலும்பு உடைந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், அதனால் அதை விவரமாக மறுபடி எழுதப்போவதில்லை. நேற்றுதான் முதுகுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு, யாரும் பிடிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார முடிந்ததும் முதல் வேலையாக இந்த மடலை எழுத வேண்டும் என்று படுத்திருந்த நாளெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் வலி பிடித்துக்கொள்கிறது, அப்போது படுத்துவிட்டு மறுபடி வந்து எழுதுகிறேன், அதனால் அங்கங்கே விட்டுவிட்டுப் போவது போலத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, கூட்டேரிப்பட்டுப் பக்கம் ரோட்டோரத்தில் நுங்கு விற்கிற அக்காவுக்கு. பேரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றைக்குக் காரைச் சுற்றிக் கூடியவர்கள் எல்லோரும் உதவத்தான் ஓடிவந்தார்கள், யார்மீதும் எனக்கு வருத்தம் இல்லை. ஒருத்தர் என் கையைப் பிடித்துவிட்டார், இன்னொருத்தர் கதவை நெம்புகிறார், "தூக்குங்கப்பா, வர்ற வண்டியில போட்டு அனுப்பிடலாம்" என்று ஒரே சத்தம். அந்த நேரத்தில் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "யாரும் தூக்காதீங்க, 108 வரட்டும், கையை எடுங்க மொதல்ல" என்று போட்ட சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருகிறவரை விடவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்து, துண்டை நனைத்து உதட்டை மட்டும் துடைக்கச் சொன்னார். நடுநடுவே என்னிடம் ஒரே கேள்வி: "தம்பி, கால் விரல் ஆடுதா? ஆட்டிப் பாரு. ஆடுதா?" வலியில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, இந்த அம்மா ஏன் இதையே கேட்கிறார் என்று.

ஏன் கேட்டார் என்று என் மனைவி அவரைத் தேடிப்போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பனையேறி. பல வருடத்துக்கு முன்னால் மரத்திலிருந்து விழுந்தவர். விழுந்த இடத்தில் வலியில் கத்தினாலும் காலை ஆட்டியிருக்கிறார், அக்கா கண்ணால் பார்த்திருக்கிறார். சொந்தக்காரர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்துத் தூக்கி, உடம்பை மடக்கி ஆட்டோவில் திணித்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது கால் ஆடவில்லை, அதற்கப்புறம் ஆடவே இல்லை. தூக்கியதால்தான் அப்படி ஆனதா, விழுந்த அடியிலேயே ஆகிவிட்டதா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, பகலில் ரோட்டோரம் உட்கார்ந்து நுங்கு சீவி விற்று வாழ்கிற ஒருத்தர், முன்பின் தெரியாத என் தலையைப் பிடித்துக்கொண்டு என் கால் விரலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இதைக் கேட்ட அன்று இரவு நான் தூங்கவில்லை.

எனக்கு உடைந்தது எல்-1 என்கிற முதுகெலும்பு. நெஞ்சுக்கூட்டோடு இறுக்கமாக இருக்கிற முதுகெலும்புகள் முடிந்து, வளைந்து கொடுக்கிற இடுப்பு எலும்புகள் ஆரம்பிக்கிற இடம் அது, இந்த மாதிரி அடியில் அந்தப் பகுதி உடைவது சகஜமாம். எலும்பு நொறுங்கி ஒரு துண்டு தண்டுவடம் இருக்கிற பக்கமாகத் தள்ளி நின்றது. மேலேயும் கீழேயும் உள்ள எலும்புகளில் ஸ்குரூ போட்டு ராடு வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கேனைக் காட்டி டாக்டர் சொன்னது இதுதான்: "இந்த நிலைமையில உங்களை மடக்கித் தூக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது." நர்சுகள் புரட்டும்போதுகூடத் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் கட்டை மாதிரி உருட்டுவார்கள். படித்தவர்கள் இவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்வதை அக்கா தன் வீட்டில் பட்ட அடியிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் அங்கே நின்றவர்கள் சொன்னார்களாம், போலீஸ், கேஸ், கோர்ட் என்று இழுத்துவிடுவார்கள், உனக்கு எதுக்கு இந்த வேலை என்று. அவர் அசையவில்லை. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மீது அதற்காக வழக்குப் போட முடியாது. பேரைச் சொல், முகவரியைச் சொல் என்று அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் நடக்கும் விபத்து என்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. பயம் வேண்டாம், நில்லுங்கள். வண்டி தீப்பிடித்தாலோ மூச்சு நின்றாலோ வேறு விஷயம், மற்றபடி 108-ஐக் கூப்பிட்டுவிட்டு ஆளை ஆடாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

அடுத்து மற்ற எல்லோருக்கும். பலகையில் வைத்துப் பட்டை கட்டி, கண்ணாடித்துண்டுகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பதறாமல் எடுத்த 108 தம்பிகள் இரண்டு பேருக்கும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் அன்று ட்யூட்டியில் இருந்தவர்களுக்கும், அப்புறம் சென்னையில் ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்கும், ரத்தம் கொடுத்த, இரவு வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த, என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன, கேட்காமலே பணம் அனுப்பிய, அனுப்பியதை யாரிடமும் சொல்லாத நண்பர்களுக்கும், முக்கியமாக ராத்திரியெல்லாம் முகம் சுளிக்காமல் புரட்டிவிட்ட வார்டு ஆயாக்களுக்கும் என் நன்றி. தனித்தனியாக எழுத ஆசைதான், உடம்பு விடவில்லை.

பிசியோ சொல்லிக்கொடுக்க வருகிற பெண் வேலூரில் படித்தவர். நான் ஒருநாள் அழுதபோது மேரி வர்கீஸ் அம்மாவைப் பற்றிச் சொன்னார். 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். அவருடைய முயற்சியில் 1966-இல் வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் வந்தது. இதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது அக்காவின் வீட்டுக்காரர்தான். எழுந்து நடக்கப்போகிற எனக்கு இத்தனை பேர் இருந்தார்கள். அவருக்கு யாருமே பிசியோ என்று ஒன்று இருப்பதைச் சொல்லவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அவரிடம் சம்மதம் கேட்டாகிவிட்டது, பாகாயத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டப்போகிறோம், செலவு என்னுடையது. படுக்கைப்புண் இருப்பதால் அதற்கு முன்னால் காற்று மெத்தை ஒன்று உடனே வேண்டும், அது நாளை வாங்கிவிடுவோம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தருகிற மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு அவர் இதுவரை விண்ணப்பமே போடவில்லை. விழுப்புரத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அக்காவோடு ஒருநாள் கூடப் போய் அந்த வேலையை முடித்துக்கொடுக்க, அந்தப் பக்கம் இருக்கிற யாராவது வர முடியுமா? என்னால் இன்னும் காரில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. வரமுடிந்தவர்கள் எனக்கு ஒரு போன் போடுங்கள்.