இரண்டாவது சர்வர் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளும் வங்கிகளும் தங்கள் சேவைகளை, இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதியான கிளவுடுக்கு மாற்றிவருவது நல்லதே. ஆனால், அங்கே ஒரு மெய்நிகர் கணினியை (பெரிய இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் தனிக் கணினியை) வாடகைக்கு எடுத்துவிட்டாலே சேவை தடைபடாது என்ற நம்பிக்கை தவறு. அதுவும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில், சர்வர்களை அடுக்கிவைக்கும் ஏதோ ஒரு ரேக்கில் உள்ள இயந்திரத்தில்தான் ஓடுகிறது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து அழிந்தது. அதே வளாகத்தில் இருந்த இன்னொரு மையத்தின் ஒரு பகுதி சேதமடைந்தது. தீ தொடாத மற்ற இரண்டையும் நிறுத்திவைக்க நேர்ந்ததால், மாற்று சர்வரைப் பக்கத்துக் கட்டடத்தில் வைத்திருந்தாலும் பயனில்லாமல் போனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலர் தரவையே இழந்தனர்.

தீ விபத்து அபூர்வம். ரேக்கின் மின் இணைப்பு அல்லது அதை நெட்வொர்க்குடன் இணைக்கும் ஸ்விட்ச் பழுதாவதும், பராமரிப்புக்காக இயந்திரம் ரீபூட் செய்யப்படுவதும் அப்படியல்ல. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில், ஒரே சேவையை இயக்கும் இரண்டு மெய்நிகர் கணினிகளை ஒரே 'அவைலபிலிட்டி செட்' என்ற தொகுப்பில் சேர்த்தால், மின்சாரத்தையும் ஸ்விட்சையும் பகிர்ந்துகொள்ளாத வெவ்வேறு ரேக்குகளில் அவை வைக்கப்படும். திட்டமிட்ட பராமரிப்பின்போது இரண்டும் ஒருசேர நிறுத்தப்படுவதும் தவிர்க்கப்படும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, இரண்டாவது கணினிக்குத்தான் வாடகை. ஆனால், கணினியை உருவாக்கும்போதே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதைப் பின்னர் சேர்க்க இயலாது என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள்.

ஒரு கட்டடமே முடங்கினாலும் சேவை தொடர வேண்டுமானால், மின்சாரமும் குளிரூட்டலும் தனித்தனியே உள்ள டேட்டா சென்டர் தொகுதிகளான வெவ்வேறு 'ஜோன்'களில் கணினிகளை வைக்க வேண்டும். சேவை இயங்கும் நேரத்துக்கு நிறுவனம் தரும் உறுதி 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் வரை சேவை நிற்கலாம். ஜோன்களுக்குத் தரப்படும் 99.99 சதவீதத்தில் அது சுமார் 53 நிமிடமாகக் குறைகிறது. உறுதி மீறப்பட்டால் நிறுவனம் தருவது வாடகையில் ஒரு கழிவுதான். 'சர்வர் டவுன்' என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் அரைநாள் கூலியை எவரும் தரப்போவதில்லை.

எனவே, டெண்டரில் 'கிளவுட்' என்று மட்டும் எழுதாமல், இரண்டாவது கணினியும் தரவுத்தளத்தின் நகலும் எந்த ஜோனில் இருக்கும் என்று துறைகள் கேட்டு வாங்க வேண்டும். இறுதித் தொகையை வழங்குமுன், அலுவலக நேரத்திலேயே ஒரு கணினியை நிறுத்தச் சொல்லி, சேவை தொடர்கிறதா என்று அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்