கிழவனுக்குக் கிழவன் இதயம்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பகுதியில் தங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார். ‘பழைய காருக்குப் பழைய என்ஜின் வாங்கிப் பொருத்துவது, கிழவனுக்கு இன்னொரு கிழவனின் இதயத்தை எடுத்து வைப்பது போன்றது.’ நல்ல உவமைதான். எனக்கு வயது 71. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் இருக்கின்றன. அவற்றை வைத்த டாக்டர் என்னைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடச் சொல்லவில்லை. காலையில் அரை மணி நேரம் நடக்கத்தான் சொன்னார்.

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. 2,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என் மகளைப் பிரசவத்துக்கு நள்ளிரவில் ஏற்றிக்கொண்டு போன வண்டி. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை வரிசையாகச் சாய்த்துப் போட்டபோது, பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பத்து நாள் தண்ணீர்க் கேன் சுமந்த வண்டி. இதே ஆம்னியைத்தான், குழந்தைக் கடத்தல் பற்றிய கட்டுரை ஒன்றுக்குத் தாங்கள் ஒருமுறை படமாகப் போட்டீர்கள். சினிமாக்காரர்கள் செய்கிறார்கள், சரி. அவர்களுக்குக் கதவு இழுத்துத் திறக்க வசதியாக இருக்கிறது. தங்களுக்கு என்ன வந்தது? என் வண்டியும் வெள்ளை. அந்த வாரம் பேரனை அழைத்துவரப் பள்ளிக்குப் போனபோது, பல ஆண்டு தெரிந்த வாட்ச்மேன் என்னிடம் பெயர் கேட்டார்.

கட்டுரைக்கு வருகிறேன். பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்குவதே புத்திசாலித்தனம் என்கிறார் கட்டுரையாளர். எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க வாகனக் கடன் விளம்பரம் இருந்தது தற்செயலாகத்தான் இருக்கும். ஓய்வூதியக்காரனுக்கு ஐந்து ஆண்டு மாதத் தவணை என்றால் என்ன என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது தங்களுக்குத் தெரியாததல்ல. பழைய வண்டிக்கான பசுமை வரி தனி. நான் 2019இல் ஒருமுறை, 2024இல் ஒருமுறை என்று இரண்டு தடவை புதுப்பித்தவன். 5,000 ரூபாய் கட்டி 2029 வரை ஓட்டலாம் என்று முத்திரை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, என்ஜின் போனது.

போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வடிந்திருக்கிறது. ஓட்டியது மருமகன். சூடு காட்டும் முள் மேலே ஏறியதை நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். மருமகன் ஓட்டும்போது மாமனார் குறை சொல்லக்கூடாது என்று ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன். அந்த ஐந்து நிமிட மரியாதையில் என்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்து பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஆம்னிக்கு என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் என்பது தாங்கள் அறிந்ததே. அடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது போல் இருந்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் என்னிடம் படித்தவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் 38 வாங்கியவர். அவர் போட்ட கணக்கு இது: இருக்கும் என்ஜினின் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, ரீபோர் செய்து, அதாவது சிலிண்டர்களைக் குடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தேய்த்து, ஹெட்டைச் சமன்செய்து கட்டினால் 42,000. நல்ல பழைய என்ஜின் கிடைத்தால் எல்லாம் சேர்த்து 35,000க்குள். “ஆனால் நான் வந்து பார்க்காமல் வாங்காதீர்கள் சார்” என்றார். நான் பார்க்காமல் வாங்கினேன். அவருக்குக் கல்யாண சீசன் வேலை, எனக்கு அவசரம். தவிர, 33 ஆண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு ஒரு என்ஜின் பார்க்கத் தெரியாதா என்ற எண்ணமும் இருந்தது.

கடையின் பெயர், ஊர் வேண்டாம். கடைக்காரர் என்ஜினைத் தரையில் வைத்தே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டினார். புகை இல்லை, சத்தம் இல்லை. 16,000 கொடுத்து ஏற்றிவந்தேன். பொருத்தி இரண்டு நாள் ஓட்டியதும் பின்னால் நீலப் புகை, ஆயில் எரியும் புகை. மூன்று சிலிண்டருக்குள்ளும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், பார்த்தால் 11, 11, 7. மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். புகை தெரியாமல் இருக்க மிகவும் கெட்டியான ஆயிலை ஊற்றி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். பில் இல்லை. சண்டை போட்டு 5,000 திரும்ப வாங்கினேன். அதே கடைக்காரர், “இன்னும் மலிவாக ஒன்று இருக்கிறது, என்ஜினில் பொறித்த எண் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்” என்றார். எண் தானாகத் தேய்வதில்லை, யாரோ அரம் போட்டால்தான் தேயும் என்பது மட்டும் கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்தது. வந்துவிட்டேன்.

இரண்டாவது என்ஜினுக்கு மெக்கானிக்கும் வந்தார். அவர் பார்த்த விதத்தை நான் கைகட்டி நின்று பார்த்தேன். ஓட்டிக் காட்ட விடவில்லை. முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அடிப்புறத்தை விரலால் வழித்தார். அங்கே மோர் போல வெள்ளையாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதாம். மேல் மூடியைக் கழற்றச் சொல்லி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பார்த்தார். கறுப்பாகத் தார் படிந்திருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டி. முன்பக்கப் புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். பிளக்குகளைக் கழற்றி, ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். அதன் பிறகுதான் கம்ப்ரஷன் மீட்டர். பின்பக்கம் லாரி மோதி நசுங்கிய ஆம்னியிலிருந்து எடுத்த என்ஜின் அது. அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கி எண்ணைச் சரிபார்த்தோம். 21,000. பில்லுடன்.

என்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், மவுண்டிங் ரப்பர், எல்லா ஹோஸும் புதிது போட்டுவிட வேண்டும் என்றார். அதற்கு 7,500. பிறகு ஒரு 200 ரூபாய் சீலுக்காக என்ஜினை மறுபடி இறக்க முடியுமா? கூலி 6,000, இரண்டு முறை இறக்கி ஏற்றியதற்கு ஒருமுறைக் கூலிதான் வாங்கினார். அந்த 38 மதிப்பெண்ணை இப்போது திருத்தித் தர முடிந்தால் திருத்தித் தருவேன்.

மொத்தம் 45,500. ரீபோர் செய்திருந்தாலே 42,000தான் என்று தங்கள் கட்டுரையாளர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அதில் 11,000 என் அறியாமைக்குக் கொடுத்தது. அது இல்லையென்றால் 34,500. மெக்கானிக் சொன்ன கணக்கு. பழைய என்ஜின் என்னை ஏமாற்றவில்லை ஐயா, அதைப் பார்த்து வாங்கத் தெரியாததுதான் ஏமாற்றியது. அதைச் சொல்லித் தரத்தான் வாகனப் பகுதி என்று நான் நினைத்திருந்தேன். 1989 முதல் சந்தா கட்டுகிறேன். இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் மேற்கூரை திறக்கும் கார்களைத்தான் பார்க்கிறேன். வெயிலில் கூரையைத் திறந்துகொண்டு எங்கே போவது என்றும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. அந்தக் கட்டுரையில் ஆவணம் பற்றி ஒரு சொல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, முன் அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். நான் மூன்றாம் நாளே போனேன். ஒருவர் பில் கேட்டார், கொடுத்தேன். அடுத்த முறை அந்தப் பழைய வண்டியின் ஆர்.சி. நகல், கொடுத்தேன். பிறகு உறுதிமொழிப் பத்திரம். ஐந்தாவது முறைதான் ஆய்வாளர் வந்து, சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். நாலாவது முறை ஒரு ஊழியர், “இவ்வளவு சிரமப்படுவதற்கு வண்டியையே மாற்றிவிடலாமே சார்” என்றார். தங்கள் இதழை அவரும் படிக்கிறார் போலிருக்கிறது.

என்ஜின் மாறி 14 மாதம் ஆகிறது. 9,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முள் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. ஏறினால் யார் ஓட்டினாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மறுப்பும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அடுத்த இதழில் ஒரு அரைப்பத்திக் கட்டம் போடுங்கள்: பழைய என்ஜின் வாங்குமுன் எதைத் திறந்து பார்ப்பது, என்னென்ன காகிதம் கேட்டு வாங்குவது, எத்தனை நாளில் அலுவலகத்துக்குப் போவது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் புது எண்ணைத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மறந்து, பிறகு ஓடினேன்.

கடிதம் நீண்டுவிட்டது, தாங்கள் வெட்டுவீர்கள் என்று தெரியும். மருமகன் விஷயத்தை முதலில் வெட்டிவிடுங்கள், வீட்டில் படிப்பார்கள். 14 நாள் என்பதில் மட்டும் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2016இல் என் கடிதம் ஒன்றில் தேங்காய்க்கு 15 ரூபாய் என்று எழுதியதைத் தாங்கள் 150 என்று அச்சிட்டு, வியாபாரிகள் இரண்டு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
காவிரி டெல்டாக் கிராமம் ஒன்றிலிருந்து