கையெழுத்தை எழுத்துருவாக்கத் தமிழ்ப் படிவம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை வட்டாரத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன் நான். ஃபிளெக்ஸ் வந்த பிறகு எனாமல் டப்பாவும் பிரஷ்ஷும் பரணுக்குப் போய்விட்டன. இப்போது என் எழுத்து கணினியில் ஃபான்ட் எனப்படும் எழுத்துருவாகியிருக்கிறது. எழுத்துகளை நான் வரைந்தேன். கணினி வேலையைத் தங்கை மகள் பார்த்துக்கொண்டாள். அந்த அனுபவத்தில் கோட்டூர்புரத்திலுள்ள, தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

எழுத்துரு செய்யக் கையால் எழுதி நிரப்பும் படிவங்கள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தவை ஆங்கிலத்துக்கென்று போட்டவை. கட்டத்துக்கு ஓர் எழுத்து என எழுதி ஸ்கேன் செய்தால் வேலை தீர்ந்தது. தமிழ் அப்படிப்பட்டதல்ல. அதற்காக 247 எழுத்தையும் வரைய வேண்டுமோ என்று மலைக்கவும் வேண்டாம். 'கொ' என்பதைக் கணினியே ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால் என்று பிரித்து அடுக்கிக்கொள்ளும். துணைக்காலையும் கொம்புகளையும் ஒருமுறை வரைந்தால் போதும்.

உகர, ஊகார வரிசைகளில்தான் உழைப்பு. து, நு, லு, று வலப்பக்கம் சுழித்து மேலேறுகின்றன. பு, சு, வு கீழே இறங்குகின்றன. கு, மு, ழு, ளு ஆகியவற்றில் குறி எழுத்தோடு கலந்தேவிடுகிறது. கூ, சூ இரண்டுக்கும் அவற்றுக்கே உரிய வடிவம். ஆக இரு வரிசைகளின் 36 எழுத்துகளையும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். டி, டீ இரண்டும் அப்படித்தான். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கு' என்பது க, உகரக் குறி என இரண்டு குறியீடுகள். இரண்டும் சேர்ந்து வந்தால் இந்த வடிவத்தைக் காட்டு என்ற விதியை எழுத்துருவுக்குள் எழுதாவிட்டால், க-வின் பக்கத்தில் ஒட்டாமல் ஒரு துண்டு நிற்கும். 'குமார்' என்று பலகையில் எழுதிய கைக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பெரிதாக வரைந்து, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தோம். வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில், பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டு வடிவமாக்கி, எழுத்துரு உருவாக்கும் ஃபான்ட்ஃபோர்ஜில் சேர்த்தோம். இரண்டும் இலவச மென்பொருள்கள். ஓரங்களை மழமழவென்று ஆக்கும் வசதி இங்க்ஸ்கேப்பில் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தட்டைப் பிரஷ் பலகையில் முதலில் பதியும் இடத்தில் ஒரு கூர்மை தெரியும். அது போய்விட்டால் பிறகு அது யார் எழுத்து?

இடைவெளி இன்னும் கடினம். பலகையின் நீளம் பார்த்து, 'திருவல்லிக்கேணி'யில் 'ல்லி'யை நெருக்கி 'கே'யைத் தளர்த்துவது எங்கள் வழக்கம். எழுத்துருவிலோ ஒவ்வோர் எழுத்தும் தன் இருபுறத்து இடத்தையும் முன்கூட்டியே சுமந்து வர வேண்டும். எந்த எழுத்து எதன் பக்கத்தில் வந்தாலும் இடிக்காத அளவைக் கண்டுபிடிக்கச் சொற்களை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்ப்பதுதான் வழி.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களிலும் கைதேர்ந்தவர். துதிக்கை போல் வளைந்த பழைய லை, னை, ளை, ணை ஆகியவற்றையும், பழைய ணா, றா, னா ஆகியவற்றையும் மாற்று வடிவங்களாகச் சேர்த்திருக்கிறோம். வேண்டியவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பழைய பலகைகளில் அந்த வளைவைத்தான் ரசித்து எழுதினோம். அது தொலைவதில் எனக்குச் சம்மதமில்லை.

சென்னையில் என்னைப் போன்ற ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கும் வயதாகிவிட்டது, சிலருக்குக் கை நடுங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் உகர, ஊகார வரிசைகளும் கிரந்த எழுத்துகளும் பழைய வடிவங்களும் அடங்கிய ஒரு வரைபடிவத்தை வெளியிட வேண்டும். அதை அச்சிட்டு அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய் எழுதி வாங்க வேண்டும். கணினிப் பகுதியைக் கல்லூரி மாணவர்கள் செய்யட்டும். எழுதியவரின் பெயர் எழுத்துருவின் விவரக் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்னும் ஓபன் ஃபான்ட் உரிமத்தில் வெளியிடலாம். எங்கள் எழுத்துருவுக்கும் அதையே தேர்ந்தெடுத்தோம்.

பயிற்சி வகுப்பு நடத்துவதானால், பிரஷ் பிடித்து எழுதிக் காட்ட நான் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயர்ப்பலகை ஓவியர்,
திருவல்லிக்கேணி, சென்னை