பள்ளி வாசலில் விற்கும் வெளிநாட்டு மிட்டாய்களைப் பரிசோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவு பாதுகாப்புத் துறை, திருநெல்வேலி.

பொருள்: விவரச்சீட்டு இல்லாத வெளிநாட்டு மிட்டாய்களை மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவும், அவற்றை அனுப்பும் மொத்த வியாபாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன வாரம் பள்ளி விட்டு வந்த என் மகளின் நாக்கு கருநீலமாக இருந்தது. பல் தேய்த்தும் போகவில்லை, மறுநாள் காலையிலும் கறை தெரிந்தது. பள்ளிக்கு எதிரே வாங்கிய மிட்டாய் என்றாள். மிச்சமிருந்த ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கவரை இத்துடன் இணைத்திருக்கிறேன். முழுக்கச் சீன எழுத்து. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, உணவு பாதுகாப்பு உரிம எண், சைவ அசைவக் குறி எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தாலும் இவற்றை ஸ்டிக்கராகவாவது ஒட்டியிருக்க வேண்டும். அந்த நீலம் அனுமதிக்கப்பட்ட நிறமாகவே இருக்கலாம். ஆனால் அனுமதித்த செயற்கை நிறத்துக்கும் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் வரம்பு. எழுத்தே புரியாத கவரை வைத்துக்கொண்டு ஒரு தாய் எதை என்று கண்டுபிடிப்பது?

கவரில் எனக்குப் புரிந்தது ஒரு பசுமாட்டுப் படம்தான். அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனத்தைக் கலந்ததால் லட்சக்கணக்கான குழந்தைகளின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டே சீனப் பால் பொருட்களுக்கு நம் நாடு தடை போட்டது. பால் சேர்த்த சாக்லேட், மிட்டாய்க்கும் அது பொருந்தும். துறைமுகப் பரிசோதனைக் கூடங்களில் மெலமைனைக் கண்டறியும் வசதி வரும்வரை தடை தொடரும் என்று 2019-ல் நீட்டித்தார்கள். இதில் பால் இருந்தால், இந்த மிட்டாய் பாளையங்கோட்டை வரை வந்து சேர்ந்தது எப்படி?

கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "லைன் வண்டியில போடுறாங்கம்மா, பிள்ளைங்க கேக்குதுங்க" என்றார். பில் கிடையாது. அவருக்கு அபராதம் போட்டு முடித்துவிட வேண்டாம் ஐயா. வண்டி எங்கிருந்து வருகிறதோ அந்தக் குடோனுக்குப் போக வேண்டும்.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி என்ற துணிச் சாயம் இருப்பது பரிசோதனையில் தெரிந்ததும், தமிழக அரசு உடனே தடை விதித்தது. அதே வேகம்தான் இதற்கும் வேண்டும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் நம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. மாதிரி கிடைத்தால் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம் என்று அறிகிறேன். தேவையானால் அதையும் கட்டத் தயார். பிரிக்காத இரண்டு பாக்கெட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே, பள்ளிகளைச் சுற்றியுள்ள கடைகளிலும் மொத்தக் கடைகளிலும் இந்த மிட்டாய்களை மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவு வரும்வரை விற்பனையை நிறுத்தி வைத்து, அறிக்கையைத் தமிழில் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்

இணைப்பு: மிட்டாய் கவர் – 1