பில்லில் தெரியும் வரியும், தெரியாத 17 சதவீதமும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 20 டாலர் என்று சீட்டு ஒட்டிய 750 மில்லி விஸ்கிக்குக் கல்லாவில் 26 டாலர் 93 சென்ட் கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். அதில் 4.10 டாலர், 20.5 சதவீத மது விற்பனை வரி. 2.83 டாலர், லிட்டருக்கு 3.7708 டாலர் என்ற கணக்கில் வரும் லிட்டர் வரி. இரண்டும் வாஷிங்டன் மாநில அரசுக்குப் போகிறவை.

பில்லில் தெரியாத ஒன்றும் உண்டு. அந்த 20 டாலரிலேயே 17 சதவீதம், அதாவது 3.40 டாலர், உரிமக் கட்டணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் மாநிலத்தின் மது, கஞ்சா வாரியத்துக்குக் கட்டுகிறோம். லாபத்தில் அல்ல, விற்பனைத் தொகையில்! எங்களுக்குச் சரக்கு தரும் விநியோகஸ்தரும் தன் பங்குக்கு 5 சதவீதம் கட்டுகிறார்.

2012 மே வரை இங்கேயும் நம்மூர் டாஸ்மாக் போல அரசுதான் மதுக்கடை நடத்தியது. 2011 நவம்பரில் ஐ-1183 என்ற மக்கள் வாக்கெடுப்பு அதை முடித்துவைத்தது. பெரிய சில்லறை வணிக நிறுவனமான காஸ்ட்கோ மட்டும் அது வெற்றிபெற 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அரசு கடையை விட்டது, வருமானத்தை விடவில்லை. பொதுவாக 10,000 சதுர அடி இருந்தால்தான் உரிமம். நம் கடை போன்ற சிறியவை தப்பியது, முன்பு அரசுக் கடையாக இருந்ததால்தான்.

"வாரியம் இஷ்டத்துக்கு ஏற்றுகிறது" என்று சிலர் திட்டுகிறீர்கள். வாரியத்தின் மீது எங்களுக்கும் வருத்தம் உண்டு, ஆனால் இதில் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. 17 என்ற எண் சட்டத்திலேயே இருக்கிறது. மற்ற கட்டணங்களுக்கும், 2007-இன் ஐ-960, 2010-இன் ஐ-1053 வாக்கெடுப்புகளுக்குப் பிறகு, புதிதாக விதிக்கவோ கூட்டவோ மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் உள்ள சட்டமன்றத்தின் இரு அவைகளின் பெரும்பான்மை வேண்டும். உணவகங்களுக்கு நாங்கள் விற்பதிலும் 17 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. 2013-இல் முன்னாள் அரசுக் கடைகளுக்கு அதிலிருந்து விலக்குத் தந்ததும் சட்டமன்றம்தான். ஆகவே குறையைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் தொகுதி உறுப்பினர். ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கும்.

இந்த வாரம் முதல் அலமாரிச் சீட்டில் வரி சேர்த்த மொத்த விலையையும் எழுதி வைக்கிறோம். உணவகம் நடத்துபவர்கள் உரிம நகலோடு வந்தால் அந்த 17 சதவீதம் இல்லாத விலைப்பட்டியல் தனியாகத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்